மின்மினிக்குக் கொடுத்த வாக்கு

மின்மினி இன்றைக்கு இரண்டு முறை இருமுவதா, மூன்று முறை இருமுவதா என்பதில் காலையிலேயே சண்டை வந்துவிட்டது.

"மூணு தடவை இருமினா ஜனங்க பயந்து போய் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டுடுவாங்க சார். ரெண்டு போதும். ரெண்டாவது இருமலுக்கப்புறம் சிரிக்கணும். அந்த ஓட்டைப் பல் தெரியணும்" என்றாள் பவளக்கொடி.

"மூணு இருந்தாத்தானேம்மா பாவமா இருக்கும்?" என்றார் தனசேகரன். அவர் ஊற்று அறக்கட்டளையின் இயக்குநர். பாவத்தை எடை போட்டே பழகியவர்.

கடைசியில் நெகிழ்மானியிடம் விட்டார்கள். அது பார்ப்பவர்களின் கைத்திரை வழியே கண்மணி விரிவதையும் தொண்டை அடைப்பதையும் அளந்து சொல்லும் கருவி. இரண்டு விதமான படத்தையும் ஆளுக்கொன்றாக ஆயிரம் பேருக்குக் காட்டியது. இரண்டு இருமலுக்குத்தான் முள் ஏறியது. பவளக்கொடி சொன்னால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். கோயம்புத்தூரில் அவளை விஞ்சிய பரப்புரை வடிவமைப்பாளர் யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

மின்மினிக்கு ஏழு வயது. ஐந்து வருடமாக ஏழு வயதுதான். ஏனென்றால் அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை.

முன்னொரு காலத்தில் அறக்கட்டளைகள் உண்மையான நோயாளிகளின் படத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. மூக்கில் குழாயும் மொட்டைத் தலையுமாக ஒரு பெண் குழந்தையை ஊர் முழுக்கக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் பிழைத்து வளர்ந்து கல்லூரிக்குப் போனால், அந்தப் படம் அவளுக்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒருத்தி வழக்குப் போட்டு ஜெயித்தாள். நோயாளியின் முகத்தை வேறு யாரும் காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த மாதமே நிழல்முகம் வந்துவிட்டது.

நாற்பது நோயாளிகளின் முகங்களை ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, யாருடையதும் அல்லாத ஒரு முகத்தை அந்த இயந்திரம் எடுத்துக் கொடுக்கும். படத்தின் ஒரு மூலையில் 'நிழல்' என்று எழுத வேண்டும் என்பது விதி. எந்த மூலைக்கு மனிதக் கண் போவதே இல்லை என்று கண்டுபிடித்தது பவளக்கொடியின் சாமர்த்தியம்.

முகம் சரியாக வந்தது. குரல்தான் செத்த குரலாக இருந்தது. எதைச் செய்தும் உயிர் வரவில்லை. பவளக்கொடி ஒருநாள் வீட்டிலிருந்த பழைய பதிவுகளை எடுத்துவந்து இயந்திரத்துக்குப் போட்டாள். அவளுடைய ஒரே மகள் தூரிகை ஏழு வயதில் ஐஸ்கிரீம் கேட்டு அழுததும், பல் விழுந்த வாயோடு பாட்டுப் பாடியதும் அதில் இருந்தன. மறுநாள் மின்மினி வாயைத் திறந்தாள். அலுவலகத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் அழுதார்கள். பவளக்கொடியும் அழுதாள். அப்படி ஒரு குரல்.

இரண்டாம் வருடம் மின்மினிக்கு மெய்ப்பொட்டு கிடைத்தது. வலையில் தெரியும் ஒவ்வொரு முகத்தின் பக்கத்திலும் ஒரு பொட்டு இருக்கும். நெடுநாளாகப் பலருக்குத் தெரிந்த முகம், குரல் என்றால் பச்சை. இன்னொருவரின் நகல் என்று தோன்றினால் சிவப்பு. நாளாவட்டத்தில் பச்சை என்றால் உண்மை, சிவப்பு என்றால் பொய் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். மின்மினிக்குப் பச்சை விழுந்த அன்று ஊற்று அலுவலகத்தில் எல்லாருக்கும் கேசரி.

இதெல்லாம் எதற்கு என்றால், மஜ்ஜை வறட்சிக்கு. அந்த வியாதி வந்தவர்களின் எலும்புக்குள் இரத்தம் ஊறுவது நின்றுபோகும். மருந்து கிடையாது. ஆனால் முப்பது பேர் ஆளுக்கு ஒரு கரண்டி மஜ்ஜை கொடுத்தால், கலப்பான் என்ற இயந்திரம் அதை யாருக்கும் பொருந்தும்படி ஒன்றாக்கிவிடும். ஏற்றிக்கொண்டவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். கொடுப்பவருக்கு இரண்டு நாள் இடுப்பு வலி, அவ்வளவுதான்.

கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கைத்திரையில் கேள்வி கேட்கப்படும். அதைப் பார்த்து வாயால் "தரேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் கொடைவாக்கு. மஜ்ஜை வியாபாரம் நடக்காமலிருக்க அதற்குக் கடுமையான சட்டம் போட்டிருந்தார்கள். ஒருவர் ஒருவருக்குத்தான் வாக்குக் கொடுக்கலாம். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது. பெறுகிறவர் குணமானால், அல்லது இறந்தால்தான் விடுதலை. என்ன கேள்விக்குத் "தரேன்" என்றாரோ அதற்கு மட்டும்தான் அந்த வாக்குச் செல்லும்.

ஆரம்பத்தில் மின்மினி இப்படித்தான் கேட்டாள்: "எனக்கும் என்னை மாதிரி இருக்கறவங்களுக்கும் தருவீங்களா?" அந்த இரண்டாம் பாதியை நம்பித்தான் நிழல்முகத்தையும் பெறுநராகப் பதியலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தது. அதன் பேரில்தான் ஒரு ஆட்டோக்காரரும், ஒரு தையல் டீச்சரும், சிடுமூஞ்சியான ஒரு தாசில்தாரும் பிழைத்தார்கள். அவர்களுடைய முகத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் கொடுக்க மூன்று பேர்கூட முன்வந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம்தான் பவளக்கொடிக்குக் கை அரித்தது. நெகிழ்மானியின் முள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றைக் கவனித்தாள். "எனக்கும்" என்று மின்மினி சொல்லும்போது முள் உச்சியில் நிற்கிறது. "என்னை மாதிரி இருக்கறவங்களுக்கும்" என்றதும் சரிகிறது. ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று ஆஸ்பத்திரி வரிசை ஞாபகம் வந்துவிடுகிறது. மனசு விலகிக்கொள்கிறது. அவள் இரண்டாம் பாதியை வெட்டிவிட்டு, "எனக்குத் தருவீங்களா?" என்று மட்டும் கேட்க வைத்தாள். கொடைவாக்கு நாலு மடங்காகியது.

இரண்டு வாரத்தில் டாக்டர் ஹாஜிரா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். ஆஸ்பத்திரியில் மஜ்ஜை வார்டு அவள் பொறுப்பு.

"பவளம், என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இவங்கெல்லாம் இல்லாத பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்காங்க. வார்டுல படுத்திருக்கிறவங்களுக்கு நான் யாரைக் கூப்பிடுறது?"

"பழைய வாக்கு நிறைய இருக்கே டாக்டர். அதை வெச்சு ஓட்டுங்க. மொதல்ல கூட்டம் சேரட்டும். அப்புறம் கேள்வியை மாத்திக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"விருது முடியட்டுமே" என்றார் பக்கத்திலிருந்த தனசேகரன். அந்த வருடத்தின் சிறந்த பரப்புரைக்கு ஊற்றின் பெயர் போயிருந்தது. விருதுக்காரர்கள் எண்ணிப் பார்ப்பது கொடைவாக்கைத்தான். பிழைத்தவர்களை எண்ணும் விருது எதுவும் அந்த நாட்டில் கிடையாது.

விருது வந்தது. கேள்வி மாறவில்லை. அடுத்த விருது வந்தது. பழைய வாக்குகள் தீர்ந்தன. வார்டில் ஒரு பெயிண்டர் போனார், ஒரு கல்லூரிப் பையன் போனான், இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாய் போனாள். காட்டக் கூடாத முகங்கள் ஆகையால் யாருக்கும் தெரியவில்லை. மின்மினி மட்டும் தினமும் இரண்டு முறை இருமிக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

கொடைவாக்கு விழும்போதெல்லாம் அலுவலகத்தில் ஒரு சிறு மணி அடிக்கும். அந்தச் சத்தத்தில் பவளக்கொடிக்கு ஒரு போதையே இருந்தது. அந்த மணிக்காகத்தான் தூரிகையின் கல்லூரியில் முகாம் போட்டாள். முதல் ஆளாக மேடையேறி, கைத்திரையைப் பார்த்து, தானே "தரேன்" என்றாள். தாய் சொன்னால் நெகிழ்வு கூடும் என்று கணக்கு. பின்னாலேயே தூரிகையின் வகுப்பு முழுவதும் வரிசையில் வந்து நின்றது.

தூரிகைக்கு அப்போது பத்தொன்பது வயது. சாயவேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். மின்மினியை அவள் தங்கச்சி என்றுதான் சொல்லுவாள்.

"உனக்கு அவதான்மா செல்லப் பொண்ணு. நான் ஜுரம்னு படுத்தா வர மாட்டே, அவ இருமினா ஓடறே" என்று சீண்டுவாள்.

"வாயைப் பாரு. அவ இருமறதாலதான்டி உனக்கு ஃபீஸ் கட்டறேன்" என்பாள் தாய்.

முகாம் முடிந்த மூன்றாம் மாதம் தூரிகையின் முழங்காலில் ஒரு நீலக் கன்றல் வந்தது. எங்கேயும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை. பிறகு முதுகில் ஒன்று. பல் தேய்த்தால் இரத்தம் நிற்கவில்லை. டாக்டர் ஹாஜிரா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பவளக்கொடிக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"மஜ்ஜை வறட்சிதான். ரொம்ப வேகமா போகுது. முப்பது பேர் வேணும் பவளம். இந்த மாசத்துக்குள்ள."

"முப்பது பேர்தானே? நான் கொண்டுவரேன். மொதல் ஆள் நான். எடுத்துக்குங்க."

ஹாஜிரா அவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க வாக்கு மின்மினிக்குப் பதிவாகியிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "உங்களைத் தொட எனக்கு அனுமதி இல்ல."

பவளக்கொடி அன்று மாலை வரை கைத்திரையைக் கீழே வைக்கவில்லை. தூரிகையின் தோழிகளைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைகள் போனிலேயே அழுதார்கள். அத்தனை பேரும் மின்மினிக்குச் சொன்னவர்கள். செத்துப்போன கணவனின் அண்ணன் தம்பிகளைக் கூப்பிட்டாள். போன பொங்கலுக்கு இவளே வற்புறுத்தி அவர்களையெல்லாம் சொல்ல வைத்திருந்தாள். அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாள். மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருந்தார். "நான் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் போறதில்லைங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மாவட்டத்தில் ஈரமுள்ள நெஞ்சு அத்தனையையும் தேடித் தேடிப் பிடித்து அவளே பூட்டி வைத்துவிட்டாள். மிச்சமிருந்தவர்கள் இவரைப் போன்றவர்கள்.

காரமடையில் தறி வைத்திருக்கும் அங்கமுத்து என்பவரையும் போய்ப் பார்த்தாள். ஊற்றின் படம் ஒவ்வொன்றுக்கும் முதலில் பதில் எழுதுகிறவர் அவர்தான். வாக்கைத் திரும்பப் பெற வழி கேட்டு எல்லாரும் சேர்ந்து மனுப் போட்டால் கொடைவாக்குப் பதிவகம் இரங்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனிதர் மோர் கொடுத்து உபசரித்தார். சங்கதியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, நீங்களே இப்படிப் பேசலாமுங்களா? சின்னக் குழந்தைக்குத் தரேன்னு சொல்லிப்போட்டு அப்புறம் இல்லைன்னா எப்படிங்க? எங்க வீட்ல தெனமும் அந்தப் புள்ளைக்கு ஒரு வெளக்குப் போடறமுங்க."

"என் பொண்ணுங்க. பத்தொன்பது வயசுதான் ஆகுது."

"கஷ்டந்தானுங்க. சாமி கைவிடாது. ஆனா நான் மின்மினிக்குச் சொன்னவனுங்க. எப்பக் கூப்பிடுவாங்கன்னு பாத்துட்டே இருக்கறேன்."

அவர் நல்லவர். அதுதான் தாங்க முடியவில்லை. பவளக்கொடி மோரைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்தாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது அவளுக்கு முதல் நாளே தோன்றியிருந்தது, அவள்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். மின்மினி முடிய வேண்டும். குணமாகி முடிவதுதான் முறை. ஆனால் குணமானாள் என்றால், மஜ்ஜை கொடுத்த முப்பது பேரின் கைரேகையைப் பதிவகம் கேட்கும். இறந்துவிட்டாள் என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பெறுநர் மறைவு என்ற கட்டத்தைத் தொட்டால் போதும். அத்தனை வாக்கும் அந்த நிமிடமே விடுதலையாகும்.

தனசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பவளம்மா, மின்மினி செத்தா ஊற்று செத்த மாதிரி. அஞ்சு வருஷ உழைப்பு."

"எம் பொண்ணு செத்துடுவா சார்."

"எனக்குப் புரியாமலா? வேற ஏதாச்சும்..."

"வேற என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க. உங்க வாக்கு யாருக்கு இருக்கு?"

அவருடையதும் மின்மினிக்குத்தான்.

சாவுப் படத்தை அவளே தனியாக உட்கார்ந்து செய்தாள். நெகிழ்மானியைத் தொடவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஐந்து வருடமாக வளர்த்த பிள்ளை. மின்மினி ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இருமவில்லை. "எனக்குத் தரேன்னு சொன்னீங்கல்ல, அதை என்னை மாதிரி இருக்கறவங்களுக்குக் குடுத்துடுங்க" என்கிறாள். ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கிறாள். திரை வெளுத்துப் போகிறது. தான் வெட்டி எறிந்த பாதியை அந்தக் குழந்தையின் வாயிலேயே பவளக்கொடி திரும்ப வைத்தாள். மகளுடைய ஏழு வயதுக் குரலில் மகளுடைய தங்கையைச் சாகடித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அழுதாள்.

படம் போன அன்று ஊர் நின்றுவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். பள்ளிகளில் மௌன அஞ்சலி. சிங்காநல்லூரில் ஒரு தெருவுக்கே மின்மினி வீதி என்று பலகை எழுதினார்கள். நெகிழ்மானியின் முள் இதுவரை போகாத இடத்துக்குப் போய் அங்கேயே நின்றது. வாக்குகள் அனைத்தும் விடுதலையாகிவிட்டன என்று பதிவகத்திலிருந்து செய்தி வந்தது. பவளக்கொடி மகளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கைத்திரையைப் பார்த்துத் "தரேன்" என்றாள். தூரிகையின் பெயருக்கு எதிரே ஒன்று என்று விழுந்தது.

"இருபத்தொன்பது" என்றாள் தூரிகை. உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. "நான் கேக்கட்டுமாம்மா? நெஜமான முகத்தைக் காட்டிக் கேக்கறேன். என் முகத்தை நானே காட்டறதுக்குச் சட்டம் தடுக்காதே?"

"தடுக்காது கண்ணு."

"கேள்வியை நீ எழுத வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

மறுநாள் காலையில் அவள் தலையணையில் சாய்ந்தபடி பேசினாள். விளக்கு வைக்கவில்லை, பாட்டுப் போடவில்லை. "என் பேர் தூரிகை. மஜ்ஜை வறட்சி. எனக்கும் என்னை மாதிரி இருக்கறவங்களுக்கும் தருவீங்களா?" அவ்வளவுதான். முதல் ஒரு மணி நேரத்தில் வகுப்புத் தோழிகள் எட்டுப் பேர் சொன்னார்கள். ஒன்பது என்று காட்டியது. பவளக்கொடிக்கு நெஞ்சு விம்மியது. வந்துவிடும், முப்பதும் வந்துவிடும் என்று வார்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

அப்போதுதான் தூரிகையின் முகத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு விழுந்தது. கீழே காரணமும் வந்தது: இக்குரல், மறைந்த குழந்தை மின்மினியின் குரலின் நகல்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வருடமாக லட்சம் பேருக்குத் தெரிந்த, பச்சைப் பொட்டு விழுந்த குரல் ஒன்று. அன்றுதான் முதல்முதலாக ஊருக்கு முன்னால் வாய் திறந்த குரல் இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் எது அசல் என்று அது சொல்லும்? தூரிகை வளர்ந்திருந்தாலும் ஐஸ்கிரீம் கேட்ட அந்தக் குழைவு அவள் குரலில் அப்படியே இருந்தது.

பிறகு ஊர் பேசியது. செத்த குழந்தையின் உடம்பு ஆறுவதற்குள் குரலைத் திருடி மஜ்ஜை கேட்கிறாள் ஒருத்தி. யாரவள்? அட, ஊற்றில் வேலை பார்க்கிற பவளக்கொடியின் மகளா? அப்படியானால் சங்கதி வேறு. அத்தனை ஆயிரம் பேர் தரேன் தரேன் என்று காத்திருந்தோமே, ஏன் ஒருத்தரைக்கூடக் கூப்பிடவில்லை? குழந்தையை ஏன் சாகவிட்டார்கள்? மாலைக்குள் யாரோ ஒருவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

பவளக்கொடி கீழே இறங்கிப் போனாள். ஹாஜிரா தடுத்தும் கேட்கவில்லை. வாசலில் முன்னால் நின்றது அங்கமுத்து. சட்டையில் மின்மினியின் படத்தைக் குத்தியிருந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அன்னைக்கு என் வீட்டுக்கு வந்து மோர் குடிச்சப்பவே நீங்க முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்றார். "உங்க பொண்ணு பொழைக்கோணும்னு அந்தக் குழந்தைய முடிச்சுப்போட்டீங்களே!"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

"மின்மினின்னு யாரும் இல்லைங்க" என்றாள் பவளக்கொடி. "நான்தான் பண்ணினேன். நாப்பது பேர் முகத்தைச் சேத்துப் பண்ணினது. மூலையில நிழல்னு எழுதியிருக்கும், பாருங்க. அது எம் பொண்ணோட குரல். சின்ன வயசுக் குரல். கேட்டுப் பாருங்க." கைத்திரையில் பழைய பதிவைப் போட்டுக் காட்டினாள். தூரிகை ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள். கூட்டத்தில் பாதிப் பேர் மின்மினி, மின்மினி என்று தேம்பினார்கள்.

"செத்த குழந்தைய இல்லவே இல்லைங்கறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"இல்லாத புள்ளைக்கா நாங்க இத்தனை வருஷம் அழுதோம்?" என்றார் அங்கமுத்து. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "எங்களுக்குப் பச்சைப் பொட்டு தெரியாதுங்களா?"

பவளக்கொடி கும்பிட்டாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். மூக்கு ஒழுக, முகம் கோணிக்கொள்ள அழுதாள். கூட்டத்தில் பலர் அதைப் படம் பிடித்தார்கள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஓடியது: இந்த அழுகைக்கு முள் ஏறாது. நாற்பத்தாறு வயது, வீங்கிய முகம், மோசமான வெளிச்சம். அவளே இந்தப் படத்தைத் தூக்கிப் போட்டிருப்பாள்.

மேலே ஏறி வந்தபோது தூரிகையின் பெயருக்கு எதிரே ஒன்பதுதான் இருந்தது. மறுநாளும் ஒன்பதுதான். கணவனின் அண்ணன் தம்பிகள்கூடப் போனை எடுக்கவில்லை. ஆனால் வாக்குகள் அனைத்தும் விடுதலையாகித்தானே இருக்கின்றன? கோபம் ஒரு வாரத்தில் ஆறும். ஒவ்வொருவராகப் போய்க் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம். முதலில் வார்டிலேயே கேட்கலாம் என்று யோசித்து வைத்தாள். ராத்திரியும் பகலும் தூரிகையைப் பார்த்துக்கொள்ளும் செவிலி வெண்ணிலா இருக்கிறாள். நல்ல பெண். தூரிகைக்குத் தலை வாரிவிடுவாள். நாளைக் காலை டிரிப் மாற்ற வரும்போது அவளிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

காலையில் தனசேகரன் போன் செய்தார். குரலில் துக்கமும் உற்சாகமும் கலந்து கிடந்தன.

"பவளம்மா, தப்பா நினைக்காதே. உன்னைக் கேக்காம ஒண்ணு பண்ணிட்டேன். வேற வழியில்ல, ஊற்றை இழுத்து மூடிடுவாங்க போல இருந்துச்சு. நெகிழ்மானிதான் சொல்லுச்சு, ஜனங்க இப்ப உச்சத்துல இருக்காங்க, இன்னைக்கு விட்டா போச்சுன்னு."

"என்ன சார் பண்ணினீங்க?"

"மின்மினிக்கு ஒரு தங்கச்சி. அஞ்சு வயசு. அதே வியாதி. குரல் நம்மகிட்ட இருந்த பழைய பதிவுலேருந்தே எடுத்துக்கிட்டோம், இன்னும் கொஞ்சம் மழலையா. மின்மினி கணக்குலயே போட்டதால பச்சைப் பொட்டும் விழுந்துடுச்சு. அக்காவோட கவுனைப் போட்டுக்கிட்டு நிக்கறா. பாத்தா நீயே..."

"கேள்வி என்ன சார்?" என்றாள் பவளக்கொடி. "என்ன கேள்வி கேக்கறா அவ?"

"நீ கத்துக் குடுத்ததுதான்ம்மா. 'எனக்குத் தருவீங்களா?'"

போன் அவள் கையில் இருந்தது. அதன் வழியே ஊற்று அலுவலகத்தின் மணிச் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக இல்லை. விட்டு விட்டும் இல்லை. மணியே நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. வார்டில் அடுத்த கட்டிலுக்கு வந்திருந்த யாரோ ஒருவரின் கைத்திரையிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. வராந்தாவில் இன்னொன்று. கீழே வாசலில் கூட்டம் முழுவதுமே ஒரே நேரத்தில் எதையோ சொல்வது ஜன்னல் வழியாக மேலே வந்தது. ஆண்களும் பெண்களும் அழுதுகொண்டே சொன்னார்கள்.

தூரிகை கண் விழித்தாள். "என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல சாமி. நீ தூங்கு."

கதவுக்கு வெளியே வெண்ணிலா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் டிரிப் பாட்டில். மறு கையில் கைத்திரை. அவள் முகத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பவளக்கொடி நாற்காலியிலிருந்து எழுந்தாள். கதவை எட்டுவதற்குள் வெண்ணிலா திரையைப் பார்த்து "தரேன்" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, காலிப் பாட்டிலை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினாள். தூரிகையின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"மின்மினிக்கு ஒரு தங்கச்சி இருக்காளாம்க்கா, அவளுக்கும் இதே வியாதியாம்" என்றாள் பவளக்கொடியிடம். "பாவம், அந்தக் குழந்தைக்குன்னு யாருமே இல்ல."